கால் சொல்லட்டும், கை கேட்கட்டும்



தமிழ்ச் சங்க மேடையில் சிலம்பைப் பற்றிப் பேசலாம், குறளைப் பற்றிப் பேசலாம். பேசுகிறவருக்கும் எளிது, கேட்கிறவர்களுக்கும் பழக்கம். இன்று எனக்குக் கிடைத்திருக்கும் தலைப்பு வேறு. அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் பலர் பள்ளி மார்ச்சிங் பேண்டில் வாசிக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அம்மா, நான் டிரம் கோருக்கு ஆடிஷன் பண்ணப் போறேன்" என்கிறார்கள். அம்மா அப்பாவைப் பார்க்கிறார். அப்பா தட்டைப் பார்க்கிறார். அந்த வீடுகளுக்காகத்தான் இந்தப் பேச்சு. முன் அனுபவம் ஏதும் இல்லாத ஒரு பிள்ளை டிரம் கோர் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

டிரம் கோர் என்பது என்ன? பள்ளிப் பேண்டின் பெரிய அண்ணன் என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. இது எந்தப் பள்ளிக்கும் சொந்தமானதல்ல. இதில் கிளாரினெட் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது, சாக்ஸபோன் கிடையாது. பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத்துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்ட், இவ்வளவுதான். அதிகபட்சம் 165 பேர். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதும் ஓடி நடந்து, வளைந்து நெளிந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரு காட்சியை நடத்திக் காட்டுகிறார்கள். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்கள் தங்கள் சங்கங்களில் தொடங்கிய முரசும் ஊதுகொம்பும்தான் இதன் வேர். பிறகு தேவாலயங்களும் சாரணர் குழுக்களும் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தின. 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் என்ற சிற்றூரில் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் இறுதிப் போட்டி நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றார்கள். இன்று ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் அரங்கில் இறுதிப் போட்டி நடக்கிறது. கான்கார்டின் புளூ டெவில்ஸ், காண்டனின் புளூகோட்ஸ், ராக்ஃபோர்டின் ஃபான்டம் ரெஜிமென்ட், சான்டா கிளாரா வான்கார்ட் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். முன்வரிசைப் பெரியவர்களுக்குத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

வரலாறு போதும். நான் முரசுப் பக்கத்து ஆள். அதனால் முரசு வரிசைக்கான தேர்வைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டிரம்பெட் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்வதில் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

புதிதாக வருகிற பிள்ளை எதைத் தயார் செய்துகொண்டு வருகிறான்? கையை. எவ்வளவு வேகமாக அடிக்கிறேன் பார், குச்சியை எப்படிச் சுழற்றுகிறேன் பார், முதுகுக்குப் பின்னால் போட்டு எப்படிப் பிடிக்கிறேன் பார்! எதிரே நிற்கும் ஆசிரியர் எதைப் பார்க்கிறார்? முதலில் காலை. அடுத்து காதை. கை அதற்கும் பிறகுதான். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போகிறேன்.

ஏன் கால்?

ஒரு பயிற்சிப் பலகையை மேசைமேல் வைத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தாளம் எண்ணிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 140-இல் வைத்து அழகாக வாசிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதே பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே இடது, வலது என்று காலை மாற்றிக்கொண்டு, அதாவது மார்க் டைம் செய்துகொண்டு, அதே பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கட்டடம் சரியும்! கை கடினமான இடத்துக்கு வரும்போது கால் தயங்கும். கால் தயங்கியதும் கை குழம்பும். கடைசியில் கால் கையைத் துரத்தும், கை காலைத் துரத்தும், தாளம் இரண்டுக்கும் அகப்படாமல் ஓடிவிடும். தேர்வு அறையில் முதல் ஐந்து நிமிடத்தில் நடக்கும் விபத்து இது.

மைதானத்தில் கால்தான் கடிகாரம். ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடப்பது டிரம் கோரின் அடிப்படை நடை. ஐந்து கஜம் 180 அங்குலம். எட்டால் வகுத்தால் ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். நூறு பேர் நடந்தாலும் அதே இருபத்திரண்டரை அங்குலம். உயரமானவனும் அதைத்தான் வைக்க வேண்டும், குள்ளமானவனும் அதைத்தான் வைக்க வேண்டும். முன்னால் நடப்பது மட்டுமா? பின்னோக்கி, குதிகால் தரையில் படாமல் நடக்கவேண்டும். இடுப்புக்கு மேலே பார்வையாளர்களைப் பார்த்தபடி, கீழே கால்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கவேண்டும். இத்தனைக்கும் நடுவில் தோளில் மாட்டிய சட்டத்தில் முரசு தொங்குகிறது. இப்படி நடக்கவேண்டிய ஒருவனுக்குக் காலில் தாளம் ஊறாவிட்டால், கையில் எத்தனை வித்தை இருந்து என்ன பயன்?

ஆகவே தம்பி, வீட்டில் உட்கார்ந்து வாசிக்காதே. பயிற்சிப் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டில் ஏற்று. நின்று வாசி. முதல் நாளிலிருந்தே மார்க் டைம் செய்துகொண்டு வாசி. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், உனக்கு மட்டுமல்ல, கீழ்வீட்டுக்காரருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்.

இந்த இடத்தில் மிருதங்கம் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கொடுப்பினை உண்டு. டிரம் கோர் காட்சிகளில் ஐந்து எண்ணிக்கை வரும், ஏழு எண்ணிக்கை வரும். ஐந்து எண்ணிக்கைச் சுற்று ஒன்று இடது காலில் தொடங்கினால், அடுத்த சுற்று வலது காலில் தொடங்கும். பள்ளிப் பேண்டில் நான்கே எண்ணிப் பழகிய பிள்ளை இங்கே திணறும். கண்ட சாபும் மிஸ்ர சாபும் கையில் போட்டு வளர்ந்த பிள்ளை திணறத் தேவையில்லை. சொல்கட்டை வாயால் சொல்லிப் பழகியதும் வீண்போகாது. டிரம் கோர்க்காரர்களும் தங்கள் பாடத்தை வாயால் சொல்லிக்கொண்டே காலைப் போட்டுப் பழகுகிறார்கள். வாசிப்பு தொடங்குவதற்கு முன் வரிசையின் நடுவில் நிற்பவன் "டட், டட், டட், டட்" என்று எண்ணிக்கை கொடுப்பான். அந்தக் குரல்தான் அங்கே ஜதி.

ஆனால் இதே மிருதங்கம் ஒரு தடையாகவும் வரும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் உண்டு. கற்பனைக்கு இடம் உண்டு. ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்தால் சபை தலையாட்டும். டிரம் கோர் வரிசையில் கற்பனை எழுதியவருக்கு மட்டும். வாசிக்கிறவனுக்கு இல்லை. ஒன்பது ஸ்நேர் முரசுகள் ஒரே முரசாகக் கேட்கவேண்டும். அங்கே ஒருவன் மட்டும் அழகாக ஒரு நகாசு வைத்தால், அதற்குப் பெயர் அழுக்கு. உண்மையிலேயே அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வரிசை சுத்தமாக இருக்கிறதா, அழுக்காக இருக்கிறதா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.

சரி, கைக்கு வருவோம். கையில் என்ன வேண்டும்?

1933-இல் அமெரிக்க முரசாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, ருடிமென்ட் எனப்படும் 26 அடிப்படைப் பாடங்களைத் தொகுத்தார்கள். 1984-இல் பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி அதை 40 ஆக விரித்தது. ரோல், பாரடிடில், ஃபிளாம், டிராக் என்று நான்கு குடும்பங்கள். இணையத்தில் தேடினால் இவற்றை மடக்கி மடித்துப் புதுப்புதுக் கலவைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். புதியவனுக்கு ஆசை அங்கேதான் போகும். போகாதே! தேர்வுக்கு முன் ஒவ்வொரு கோரும் ஒரு பாடக்கட்டை வெளியிடும். ஆடிஷன் பாக்கெட் என்பார்கள். அதைத் திறந்தால் முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரு கையால் எட்டு அடி. பிறகு மறு கையால் எட்டு அடி. அவ்வளவுதான். ஒரு குழந்தைகூட வாசிக்கும். அந்த எட்டு அடியில்தான் பாதிப் பேர் கழிகிறார்கள்.

எப்படிக் கழிகிறார்கள்? உயரத்தால். குச்சி முனை பலகையிலிருந்து எவ்வளவு உயரம் எழவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. மெல்லிய தட்டல் மூன்று அங்குலம். அழுத்த அடி ஒன்பது, பன்னிரண்டு என்று அந்தந்தக் கோர் சொல்லும். எட்டு அடியும் ஒரே உயரம், ஒரே ஓசை, ஒரே மணிக்கட்டு அசைவு. இடது கை கொஞ்சம் சோம்பேறி. எட்டாவது அடியில் உயரம் இறங்கும். மறு கைக்கு மாறும் இடத்தில் தாளம் கொஞ்சம் முந்தும். ஆசிரியர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். கண்ணாடி முன் நின்று பழகு. செல்பேசியில் படம் எடுத்துப் பார். 1935-இல் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் எழுதிய 'ஸ்டிக் கன்ட்ரோல்' என்ற புத்தகம் இன்றும் விற்கிறது. அதன் முதல் பக்கத்தில் இருப்பது வலது இடது மாற்றங்கள் 24 மட்டுமே. ஒவ்வொன்றையும் இருபது முறை திருப்பி வாசி என்கிறது அந்தப் புத்தகம். அந்த ஒரு பக்கத்தைக் காலைப் போட்டுக்கொண்டு சுத்தமாக வாசிக்கிற பிள்ளையை எந்த ஆசிரியரும் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பார்ப்பார்.

மெட்ரோனோமை மட்டும் ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளாதே. எண்ணிக்கைக்கு நடுவில் ஒலிக்கும்படி வைத்துப் பார். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை ஒலிக்கும்படி வைத்துப் பார். உன் உடம்பில் தாளம் இருக்கிறதா, இயந்திரத்தில் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியவேண்டுமா என்று கேட்பீர்கள். 2002-இல் வந்த 'டிரம்லைன்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது கல்லூரிப் பேண்டைப் பற்றிய படம், டிரம் கோர் அல்ல. அதில் நாயகன் டெவன் அசாத்தியமாக வாசிப்பான். ஆனால் ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாது. அதை மறைத்து வைத்து மாட்டிக்கொள்வான். திரையில் அது நல்ல திருப்பம். தேர்வு அறையில் அது திருப்பமே இல்லை, முடிவு. பாக்கெட் முழுக்கக் குறிப்புகளாகத்தான் வரும். காணொலியைப் பார்த்துக் காதால் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே போனபின் அந்த இடத்திலேயே ஒரு புதுத் தாளைக் கொடுப்பார்கள்.

இப்போது காது.

பாஸ் டிரம் வரிசையை எடுத்துக்கொள்வோம். பலரும் இதைக் கடைநிலை என்று நினைக்கிறார்கள். ஸ்நேர் கிடைக்காதவன் போகும் இடம் என்று எண்ணம். எனக்கு அந்த எண்ணத்தோடு உடன்பாடு இல்லை. புதியவன் ஒருவன் என்னைக் கேட்டால், பாஸுக்குப் போ என்றுதான் சொல்வேன். ஏன்?

ஐந்து பேர் நிற்பார்கள். ஐந்து முரசு, ஐந்து அளவு, ஐந்து சுருதி. ஒரு வரி சங்கீதத்தை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு எண்ணிக்கையில் நான்கு அடி என்றால், முதல் அடி ஒருவன், இரண்டாவது அடி அடுத்தவன், மூன்றாவது இன்னொருவன். நிமிடத்துக்கு 160 எண்ணிக்கை வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எவ்வளவு நேரம்? ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தச் சின்ன இடைவெளியில் உன் ஒரே ஒரு அடி சரியாக விழவேண்டும். உனக்கு முன்னால் அடிப்பவனைக் கேட்டுவிட்டு அடித்தால் பிந்திவிடுவாய். கேட்காமல் அடித்தால் முந்திவிடுவாய். அப்படியானால் என்ன செய்வது? ஐந்து பேர் வாசிப்பையும் நீ மனத்தில் முழுதாக வாசித்துக்கொண்டிருக்க வேண்டும், உன் பங்கு வரும்போது மட்டும் கை விழவேண்டும். சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மைதானம் பெரியது. ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடைக்கச்சேரியில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. மைதானத்தில் முப்பது மீட்டர் பின்னால் நிற்பவனின் ஓசை முன்னால் நிற்பவனை அடைய கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. இப்போதுதான் சொன்னேன், பாஸ் வரிசையில் இரண்டு அடிகளுக்கு இடையே உள்ள நேரமும் ஏறக்குறைய அதுவே! பின்னால் இருப்பவனும் முன்னால் இருப்பவனும் அவரவர் கேட்டதற்கு ஏற்ப வாசித்தால் பார்வையாளருக்கு எல்லாம் இரட்டையாகக் கேட்கும். ஆகவே அங்கே விதி: பின்னால் இருந்து வரும் ஓசையைக் கேட்டு முன்னால் இருப்பவன் வாசிக்கவேண்டும். பின்னால் இருப்பவன் முன்பக்கத்து ஓசைக்கு மயங்கக்கூடாது. புதிய பிள்ளைக்கு இதை ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தால்தான் பிடிபடும். ஆனால் காது திறந்திருக்கிறதா என்பது தேர்வு அறையிலேயே தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவன் கொஞ்சம் மெதுவாகப் போனால் நீ அவனோடு போகிறாயா, அவனை விட்டுவிட்டு ஓடுகிறாயா? உன் ஓசை வரிசைக்குள் கரைகிறதா, மேலே துருத்துகிறதா? நீ சரியாக வாசித்து வரிசையில் மற்ற எல்லோரும் தவறாக வாசித்தால், கேட்பவருக்கு நீதான் தவறு.

இவ்வளவு நுட்பம் தேவையா என்று தோன்றும். 2008 இறுதிப் போட்டியில் ஃபான்டம் ரெஜிமென்ட் 'ஸ்பார்டகஸ்' காட்சியோடு வந்து புளூ டெவில்ஸை வென்றது. எவ்வளவு வித்தியாசம்? நூற்றுக்கு 0.025. அரைப் புள்ளி இல்லை, கால் புள்ளி இல்லை, கால் புள்ளியிலும் பத்தில் ஒரு பங்கு.

இனி தேர்வு நாள். முகாம்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை நடக்கும். காணொலி அனுப்பித் தேர்வாகும் வழியும் பல கோர்களில் உண்டு. காணொலி எடுத்தால் தயவுசெய்து பாதம் தெரிய எடுங்கள். கை மட்டும் தெரிகிற காணொலியைப் பார்த்ததும் ஆசிரியருக்குச் சந்தேகம் வரும். ஏன் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரில் போனால், ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் அரை வட்டமாக நிறுத்துவார்கள். காதடைப்பான் எடுத்துப் போங்கள், அது ஆடம்பரமல்ல. பெரிய தண்ணீர்க் குடுவை, பாக்கெட் அச்சிட்ட கோப்பு, இரண்டு ஜோடி குச்சி, ஓடத் தகுந்த காலணி. ஓட்டமும் உடற்பயிற்சியும் இருக்கும். வாசிக்கத்தானே வந்தேன் என்று முகம் சுளிக்காதே. கோடையில் காலை முதல் இரவு வரை வெயிலில் பயிற்சி நடக்கும், அதற்கு உன் உடம்பு தாங்குமா என்று பார்க்கிறார்கள்.

அந்த நாளின் மிக முக்கியமான கணம் எது தெரியுமா? நீ வாசித்து முடித்ததும் ஆசிரியர், "இடது கை உயரம் கூடுதல், இன்னொரு முறை" என்பார். அந்த இன்னொரு முறைதான் தேர்வு! முதல் முறை வாசித்தது உன் மூன்று மாத உழைப்பு. இரண்டாம் முறை வாசிப்பதில் நீ எவ்வளவு சீக்கிரம் மாறுவாய் என்பது தெரிகிறது. உயரம் இறங்கியதா? போதுமான அளவு இறங்கியதா? அதைச் சரி செய்யப்போய் கால் நின்றுவிட்டதா? சிலர் தலையாட்டுவார்கள், பிறகு அதையே அப்படியே வாசிப்பார்கள். அவர்களைவிடக் கை குறைந்த ஒரு பிள்ளை, சொன்னதை அடுத்த நொடியில் செய்தால், அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. ஜனவரியில் எடுக்கும் பிள்ளையை ஆகஸ்ட் வரை மாற்றிக்கொண்டே இருக்கப்போகிறார்கள். காட்சியும் கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் இதைப் பழக முடியுமா? முடியும். வாசிப்பை ஒருவரிடம் காட்டு. பள்ளி ஆசிரியரோ, மூத்த மாணவனோ, யாரோ. ஒரு குறை சொல்லச் சொல். உடனே, அவர் முன்னாலேயே, அந்தக் குறை மட்டும் நீங்க மறுபடி வாசி. இதைவிட நல்ல ஒத்திகை இல்லை.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செலவு உண்டு, ஒரு கோடைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். தவணை, உதவித்தொகை, நன்கொடை திரட்டல் எல்லாம் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். மே மாதம் பிற்பகுதியில் பயிற்சி முகாம் தொடங்கும், மேல்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு நாளோடு மோதும், முன்கூட்டியே பேசுங்கள். அன்று தொடங்கி ஆகஸ்ட் வரை பிள்ளை பேருந்தில் இரவுப் பயணம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்கை, லாரிச் சமையலறையில் சாப்பாடு. சைவம் என்றால் படிவத்தில் முதலிலேயே எழுதுங்கள். ஜூலையில் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம், சித்தப்பா மகள் கல்யாணம், பத்து நாள் விடுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. வரிசையில் ஒரு இடம் காலியானால் மைதானத்தில் அது ஓட்டையாகவே தெரியும். கல்லூரி விண்ணப்பத்துக்கு அழகாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தள்ளாதீர்கள். அந்தத் தரையில் பிள்ளையோடு விண்ணப்பம் வந்து படுக்காது.

எந்தக் கோருக்குப் போவது? புதியவர்கள் எல்லோரும் பட்டம் வென்ற நான்கு பெயர்களையே எழுதிக்கொண்டு வருகிறார்கள். முயலுங்கள், தவறில்லை, அங்கே ஒரு முகாமில் நின்றாலே நிறையக் கற்கலாம். கூடவே ஓபன் கிளாஸ் என்ற பிரிவில் இருக்கும் சிறிய கோர் ஒன்றுக்கும் போங்கள். அத்தகைய குழுக்களில் வளர்ந்து பெரிய கோர்களுக்குப் போனவர்கள் நிறைய. குளிர்காலத்தில் உள்ளரங்கில் நடக்கும் டபிள்யூ.ஜி.ஐ. முரசுக் குழுக்களும் நல்ல பள்ளி, ஒஹையோ மாநிலம் டேட்டனில் அவர்களின் இறுதிப் போட்டி. கோடைக் கோர்களுக்கு வயது வரம்பு உண்டு, 22 வயதோடு வாசல் மூடிவிடும். அதைத் தாண்டியவர்களுக்கு, அப்பாக்களே உங்களுக்கும்தான், எல்லா வயதினரும் சேரும் கோர்கள் இருக்கின்றன. பென்சில்வேனியாவின் ரெடிங் பக்கனியர்ஸ் அதில் புகழ்பெற்றது.

இடம் கிடைக்கவில்லை என்றால்? பலருக்கு முதல் ஆண்டு கிடைப்பதில்லை. முகாமை விட்டுக் கிளம்பும்முன் ஆசிரியர் குறிப்பு கொடுப்பார், கொடுக்காவிட்டால் மரியாதையாகக் கேள்: "சார், அடுத்த வருஷம் வரும்போது எதைச் சரி செய்துகொண்டு வரட்டும்?" அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள். அடுத்த நவம்பரில் அதே கூடத்தில், அதே ஆசிரியர் முன்னால், அந்த ஒரு குறை இல்லாமல் போய் நில். அவருக்கு உன் முகம் நினைவிருக்கும்.

பாக்கெட்டுகள் வழக்கமாக இலையுதிர் காலத்தில் வெளியாகிவிடும். இந்த ஆண்டு முயல நினைக்கும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் இடப்பக்க அறைக்கு வாருங்கள். எட்டுப் பயிற்சிப் பலகைகள் கொண்டுவந்திருக்கிறேன். நாற்காலிகள் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பெற்றோர்களும் வரலாம், ஆனால் வந்தால் நீங்களும் நின்று காலைப் போடவேண்டும்.